கட்டணப் பலகை

இருபத்திரண்டு வருஷம் கலெக்டர் ஆபீசில் துப்பாக்கி லைசென்ஸ் கோப்புகளைப் பார்த்தவர் நாச்சிமுத்து. அவர் கை பட்டுப் போன கோப்புகள் எண்ணூறுக்குக் குறையாது. ஆனால் ஓய்வு பெற்று மாலை வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய நாள்வரை, ஒரு துப்பாக்கியைக் கூட அவர் தொட்டதில்லை.

அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. மறுமாதமே ரெஜினாவைத் தேடிப் போனார்.

ரெஜினா அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். கன்னியாகுமரிப் பக்கத்து ஆள். மத்திய ரிசர்வ் போலீசில் இருபது வருஷம் ஆயுதப் பயிற்சி கொடுத்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். நொய்யல் ஆற்றுக்குத் தெற்கே கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு கல்குவாரியைக் குத்தகைக்குப் பிடித்துச் சுடுதளம் நடத்தினார். முன்னால் ஒரு தகரக் கொட்டகை, மற்ற மூன்று பக்கமும் பாறைச் சுவர். பாறையில் பட்டால் குண்டு திரும்பி வரும் என்பதால், எதிர்ச்சுவருக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு மேலே செம்மண்ணைக் கொட்டி மேடு கட்டியிருந்தார். சுவருக்கும் மேட்டுக்கும் நடுவே ஒரு சந்து; மேலிருந்து அதில் இறங்கும் பாதையை வேலி போட்டு அடைத்திருந்தார். கைத்துப்பாக்கி லைசென்ஸ் கேட்கிறவர்கள் அங்கே ஐந்து நாள் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கிப் போவார்கள்.

"எத்தனை லைசென்ஸ் போட்டிருப்பீங்க சார்?" என்று முதல் நாள் ரெஜினா கேட்டார்.

"எண்ணூறு இருக்குமுங்க."

ரெஜினா ஒரு ரிவால்வரைத் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று காட்டி, அவர் கையில் வைத்தார்.

"எவ்வளவு கனம் இருக்கும்?"

"முக்கால் கிலோங்களா?"

"மண்மேட்டுப் பக்கமாக் கையை நீட்டிப் பிடிச்சுக்கிட்டுப் பத்து நிமிஷம் நில்லுங்க. அப்புறம் சொல்லுங்க."

நாலு நிமிஷத்தில் தோள் கடுத்தது. ஏழாவது நிமிஷம் கை ஆடத் தொடங்கியது. பத்தாவது நிமிஷம் அவர் நெற்றி வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது.

"இப்பச் சொல்லுங்க. எவ்வளவு கனம்?"

"சொல்லத் தெரியலீங்க, டீச்சர்."

வாயில் தானாக வந்த வார்த்தை. அன்றிலிருந்து ரெஜினா அவருக்கு டீச்சர். அவர் அங்கேயே தங்கிவிட்டார். பதிவேடு எழுதுவார், சிவப்புக் கொடி ஏற்றுவார், மற்ற நேரமெல்லாம் கற்றுக்கொள்வார்.

சித்திரை மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. பயிற்சி கொடுக்கிற இடங்கள் எல்லாம் கட்டணத்தைப் பலகையில் எழுதி வாசலில் வைக்க வேண்டும். அதுவரை ரெஜினா ஆளைப் பார்த்து ஒரு தொகை சொல்வார். சிலரிடம் எதுவும் சொல்லவே மாட்டார். அரசாங்கச் செலானையே பார்த்து வளர்ந்த நாச்சிமுத்துவுக்கு அது பிடிக்கவில்லை. போதாக்குறைக்கு, பைபாஸ் ரோட்டில் புதிதாக ஒரு பயிற்சி நிலையம் திறந்திருந்தார்கள். அரைநாள் வகுப்பு, பாதிக் கட்டணம், டீ பிஸ்கட் உண்டு. இங்கே பெயர் கொடுத்திருந்த ஆறு பேர் அங்கே போய்விட்டார்கள். இப்படியே போனால் ஆடிக்குள் குவாரியை மூட வேண்டியதுதான்.

நாச்சிமுத்து ஒரு பலகைக்கு வெள்ளை அடித்து, மேலே 'கட்டணம்' என்று மட்டும் அழகாக எழுதி, கொட்டகைத் தூணில் சாய்த்து வைத்தார்.

"நியாயமான தொகை எவ்வளவுங்க டீச்சர்? சொன்னீங்கன்னா எழுதிப் போட்டுருவேன்."

"தெரியலை சார்."

"தெரியலீங்களா?"

"தெரிஞ்சிருந்தா ஆளுக்கொண்ணு சொல்லியிருக்க மாட்டேன். நீங்க போடுங்க. திங்கட்கிழமை மூணு பேர் வர்றாங்க. முன்பணம் வாங்க வேண்டாம். வெள்ளிக்கிழமை நீங்க சொல்ற தொகையை அவங்க கட்டட்டும். அதையே போர்டுலயும் எழுதிடுவோம்."

நாச்சிமுத்துவுக்குப் பெருமையாக இருந்தது. இது என்ன பெரிய வித்தை என்று நினைத்தார்.

திங்கட்கிழமை மூன்று பேரும் வந்தார்கள்.

முதலில் வந்தவர் சென்னியப்பன். ஃபைனான்ஸ் நடத்துகிறவர், இரண்டு அரிசி மில் உண்டு. வட்டித் தகராறில் எவனோ வீடு புகுந்து வெட்டுவேன் என்று சொல்லியிருக்கிறான். காரை நிழலில் நிறுத்திவிட்டு, இறங்கும்போதே கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இரண்டாவது ஆள் ஓய்வு பெற்ற ஹவில்தார் துரைக்கண்ணு. பாங்க் ஒன்றில் காவலாளி வேலை பேசியிருந்தார்கள். சொந்தத் துப்பாக்கியும் சான்றிதழும் இருந்தால்தான் வேலை.

மூன்றாவதாக, பஸ்ஸை விட்டு இறங்கி ஒன்றரை மைல் நடந்து வந்தாள் பாவாத்தாள். ஐம்பத்தாறு வயது. தோட்டத்துக்குள் தனி வீடு. பக்கவாதத்தில் படுத்துவிட்ட புருஷன். இரண்டு எருமை. போன தை மாதம் அடுத்த தோட்டத்தில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் கட்டையால் அடித்துப் போட்டுவிட்டு நகையோடு போய்விட்டார்கள். நாய் குரைக்கிற சத்தம் பாவாத்தாளுக்குக் கேட்டிருக்கிறது. எழுந்து போகவில்லை. அந்த நாயை இப்போது அவள்தான் வளர்க்கிறாள்.

"ஏனுங் சாமி, எவ்வளவு ஆகும்?" என்று வந்ததும் நாச்சிமுத்துவைக் கேட்டாள். "சொசைட்டியில பால் பணம் பதினஞ்சு நாளைக்கு ஒருக்காத்தான் போடுவாங்க."

"வெள்ளிக்கிழமை சொல்றனுங்க."

"கறவை மாட்டு விலை கூடப் பார்த்த உடனே சொல்லிப்போடுவாங்களே," என்றாள் பாவாத்தாள்.

அன்று முழுக்க ரெஜினா ஒரு தோட்டாவைக் கூட வெளியே எடுக்கவில்லை. வெறும் ரிவால்வரை வைத்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தார்.

"நில்."

அந்தச் சொல் காதில் விழுந்தால் விரல் டிரிகரை விட்டு வெளியே வர வேண்டும். குழல் மண்ணைப் பார்க்க வேண்டும். தோட்டா நிரப்புகிற சிலிண்டரைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு, கையைத் தூக்கிக்கொண்டு ஓர் அடி பின்னால் போக வேண்டும். ஏன் என்று கேட்பது அதற்கு அப்புறம்தான்.

"இங்க மத்த உத்தரவெல்லாம் நான்தான் போடுவேன்," என்றார் ரெஜினா. "இந்த ஒரு வார்த்தையை மட்டும் யார் வேணும்னாலும் சொல்லலாம். யார் சொன்னாலும் எல்லாரும் நிக்கணும். தப்பாச் சொல்லிட்டா ஒருத்தரும் திட்டக் கூடாது."

நூறு முறை நடந்தது. குறி பார்க்கும்போது சொன்னார். டீ குடித்து முடித்து மேசைக்கு வந்து கை வைக்கிற நிமிஷத்தில் சொன்னார். அவரவர் ஊர்க்கதை பேசிச் சிரிக்கும்போது நடுவில் சொன்னார். துரைக்கண்ணு ராணுவத்தில் இருந்தவர், வாய் பேசாமல் செய்தார். சென்னியப்பன் இருபதாவது முறையிலேயே சலித்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமையும் அதே பாடம்தான். சென்னியப்பன் நாச்சிமுத்துவை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனார்.

"அண்ணா, நீங்க விவரம் தெரிஞ்சவங்க. எனக்கு இது ஒத்து வராதுங்க. ஒரு நாள்ல முடிச்சுக் குடுங்க. நீங்க என்ன தொகை போடறீங்களோ, அதுல மூணு மடங்கு தர்றேன். அந்த அம்மாளுக்கும் ஹவில்தாருக்கும் சேர்த்து நானே கட்டினதா இருக்கட்டும். தர்மமாப் போகுது."

நாச்சிமுத்து யோசித்தார். மோசமாகத் தெரியவில்லை. ரெஜினாவிடம் போய்ச் சொன்னார்.

"அவர் எதை வாங்கறார் சார்?"

"சான்றிதழுங்க."

"நாம எதை விக்கறோம்?"

நாச்சிமுத்து திரும்பிப் போய், "முடியாதுங்க தம்பி, அஞ்சு நாள்தான்," என்றார். சென்னியப்பன் கார்க் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார். நாளைக்கு வரமாட்டார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் புதன்கிழமை காலையில் கார் வந்து நின்றது. பைபாஸ் ரோட்டு நிலையத்தில் அந்த வாரம் இடம் இல்லையாம்.

அன்று மத்தியானம் நாச்சிமுத்து முதல் தாளை நீட்டினார். குத்தகை, தோட்டா, டீச்சரின் உழைப்பு, மேலே கொஞ்சம் லாபம். ஒரு வரி விடாமல் போட்டிருந்தார்.

ரெஜினா படித்தார். "கணக்கு சரியா இருக்கு. பாவாத்தாம்மாவால இதைக் கட்ட முடியுமா?"

"கஷ்டந்தானுங்க."

"அப்ப அவங்க வீட்டுக்குத் திருடன் வராம இருப்பானா?"

"குறைச்சுப் போட்டுர்றனுங்க. பாதியாக்கிரலாம். ஆனா நாளையும் குறைச்சாத்தான் கட்டுப்படி ஆகும். ரெண்டு நாள்ல முடிக்கணும்."

"எந்த மூணு நாளை எடுப்பீங்க?"

"அந்த 'நில்' சொல்ற நாளைத்தானுங்க. அதுல ஒண்ணும் நடக்கறதில்லையே."

ரெஜினா தாளை மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வியாழக்கிழமை இரண்டாவது தாள் வந்தது. வசதிக்குத் தகுந்த கட்டணம். சென்னியப்பனுக்கு மேலே, பாவாத்தாளுக்குக் கீழே, ஹவில்தாருக்கு நடுவே.

"இது நல்லாத்தான் இருக்கு," என்றார் ரெஜினா.

நாச்சிமுத்துவுக்கு முகம் மலர்ந்தது.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன் சார். எல்லாரையும்விட அதிகமாக் கட்டினவர் கடைசி நாள் தேறலைன்னு வைங்க. உங்க கை ஃபெயில்னு எழுதுமா?"

"எழுதுமுங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க."

நாச்சிமுத்து யோசித்தார். எழுதாது என்றுதான் தோன்றியது. கோபமும் வந்தது.

"டீச்சர், பஸ்ஸுக்கு டிக்கெட் இருக்குது. கோயில்ல அர்ச்சனைக்குக் கூடச் சீட்டு இருக்குது. இதுக்கு மட்டும் ஒரு தொகை அகப்படாதுங்களா? எதை வச்சுத்தானுங்க அளக்கறது?"

"அதைத்தான் சார் நானும் ஏழு வருஷமாத் தேடறேன்."

ரெஜினா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அது நாச்சிமுத்துவுக்குப் புரிந்தது. அதனால்தான் இன்னும் குழப்பமாக இருந்தது.

அன்று ராத்திரி நல்ல மழை.

வெள்ளிக்கிழமை வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. செம்மண் மேடு நனைந்து கருஞ்சிவப்பாகக் கிடந்தது. அன்றுதான் முதல்முறையாகத் தோட்டாப் பெட்டி திறந்தது. மூன்று மேசை, மூன்று பேர், மேட்டின் அடியில் மூன்று இலக்கு அட்டைகள். நடுவே பத்து மீட்டர். நாச்சிமுத்து கொடிக்கம்பத்தருகே, சுடுகிறவர்களுக்குப் பின்னால் நின்றார்.

முதல் சுற்று. ஆளுக்கு ஆறு தோட்டா. துரைக்கண்ணுவின் ஆறும் நடு வட்டத்துக்குள். பாவாத்தாளின் நான்கு அட்டையில் பட்டன. சென்னியப்பன் அவளைவிட ஒன்று கூட. முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"மேடம், இதை முதல் நாளே குடுத்திருந்தா நான் எப்பவோ முடிச்சிருப்பேன்," என்றார்.

துப்பாக்கிகள் எல்லாம் திறந்து மேசையில் கிடக்க, அட்டைகளை மாற்றினார்கள். ஓட்டைகளை எண்ணினார்கள். தண்ணீர் குடித்தார்கள். கால்மணி நேரத்துக்குக் குவாரியில் சத்தமே இல்லை.

பிறகு இரண்டாவது சுற்று. காதுமூடிகளைப் போட்டுக்கொண்டார்கள். தோட்டா நிரப்பினார்கள். மூன்று கைகள் நீண்டன.

"சுடலாம்," என்றார் ரெஜினா.

துரைக்கண்ணு முதலில் சுட்டார்.

அந்தச் சத்தத்துக்கு மேட்டின் பின்னாலிருந்து ஒரு வெள்ளாட்டுக்குட்டி துள்ளி மேலே வந்தது. அதன் பின்னாலேயே, அதைப் பிடிக்கக் கை நீட்டிக்கொண்டு, ஒரு ஆள் எழுந்தார். தலையில் துண்டு. வெற்று மார்பு. சென்னியப்பனின் அட்டைக்கு நேர் மேலே, இடுப்பு வரைக்கும்.

நாச்சிமுத்து பார்த்தார். எல்லாருக்கும் முன்னால் பார்த்தது அவர்தான். பின்னாளில் அவரே அதைச் சொல்லியிருக்கிறார். பார்த்தார், வாயும் திறந்தது, ஆனால் சொல் வரவில்லை.

"நில்லூ!"

பாவாத்தாளின் குரல். மிரண்டு ஓடுகிற மாட்டை வரப்பில் நிறுத்துகிற குரல். காதுமூடிகளைத் துளைத்துக்கொண்டு போய்ப் பாறையில் மோதித் திரும்பி வந்தது.

மூன்று குழல்களும் மண்ணைப் பார்த்தன. மூன்று சிலிண்டர்கள் திறந்தன. மூன்று ரிவால்வர்கள் மேசையில் விழுந்தன. மூன்று பேரும் கையைத் தூக்கிக்கொண்டு ஓர் அடி பின்னால் நின்றார்கள்.

அதற்கு அப்புறம்தான் சென்னியப்பன் ஏன் என்று பார்த்தார்.

துரைக்கண்ணு சுட்ட குண்டின் புகை மெல்லக் கலைந்து போனது. மேட்டின் மேலே அந்த ஆள் குட்டியைப் பிடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, துண்டைச் சரிசெய்துகொண்டு, இவர்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

"மன்னிச்சுக்கோணுமுங்க. சத்தம் நின்னுபோச்சு, முடிஞ்சுதாக்கும்னு இறங்கிட்டேன். மழையில மேல வேலி சாஞ்சு கிடக்குது. அதுக்குள்ள இது பூந்துருச்சு."

ரெஜினா மட்டும் நடந்தார். மூன்று மேசையிலும் தோட்டாக்களைத் தட்டி எடுத்தார். ரிவால்வர்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பிறகு மேட்டுக்குப் போய் அந்த ஆளின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். இறக்கிய பிறகும் பிடியை விடவில்லை. ஒரு தோளைத் தொட்டார், மறு தோளைத் தொட்டார், முதுகைத் தடவிப் பார்த்தார்.

"உங்க பேர் என்னண்ணே?"

"செங்கோடனுங்க."

"செங்கோடண்ணே, உங்களை நேரா மூணு துப்பாக்கி பார்த்துக்கிட்டு இருந்துச்சு."

செங்கோடன் மேசைகளைப் பார்த்தார். கையைத் தூக்கியபடியே இன்னும் நிற்கிற மூன்று பேரையும் பார்த்தார்.

"அதானுங்க இறக்கி வச்சுட்டாங்களே," என்றார்.

டீ கொடுத்தார்கள். பாதியைக் குடித்துவிட்டு, மீதி ஆடு மேலே நிற்கிறது என்று சொல்லி, பக்கவாட்டுப் பாதையில் ஏறிப் போய்விட்டார். கொஞ்ச நேரம் ஆட்டு மணிச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

ரெஜினா எல்லார் முன்னாலும் வந்து நின்றார்.

"மழை பெஞ்சிருக்கு. காலையில நான் மேல போய் வேலியைப் பார்த்திருக்கணும். பார்க்கலை. இடைவெளி விட்டு ஆரம்பிக்கும்போது மேட்டுக்குப் பின்னால போய்ப் பார்த்திருக்கணும். அதுவும் பார்க்கலை. ரெண்டும் என் தப்பு. இன்னிக்கு இதோட நிறுத்திக்குவோம். வேலி கட்டின அப்புறம்தான் இங்க வெடிச் சத்தம் கேக்கும்."

சொல்லிவிட்டுப் பாவாத்தாளின் முன்னால் போய்க் கை கூப்பினார். பாவாத்தாள் பதறிப் போய் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னெ எதுக்கு அம்முணி கும்புடறே? போன தையில வராத சத்தம் இப்ப வந்துது. அவ்வளவுதான்."

சொன்னவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். துரைக்கண்ணு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

சென்னியப்பன் மட்டும் இன்னும் மேசைக்குப் பின்னாலேயே நின்றார். தன் வலக்கையை இடக்கையால் பிடித்து, வேறொருவருடைய கையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து அருகே போனார்.

"உக்காருங்க தம்பி."

"அண்ணா, நான் நிறுத்தலீங்க."

"நிறுத்தினீங்களே. நான் பார்த்தேன்."

"இல்லீங்க. நான் அட்டையைத்தான் பார்த்துட்டு இருந்தேன். டிரிகரைப் பாதி அமுக்கிட்டேன். அந்த ஆளை நான் பார்க்கவே இல்ல. எனக்கு ஒண்ணுமே தெரியாது." வலக்கையை நீட்டிக் காட்டினார். "இந்தக் கைதான்... இதுவாவே எடுத்துச்சு. இதுவாவே திறந்துச்சு. இதுவாவே வச்சுருச்சு."

அந்தக் கையை நாச்சிமுத்துவும் பார்த்தார். கோயிலுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. ஒரு மனுஷனுக்கே தெரியாமல் அவனுடைய கைக்குள் இன்னொரு மனுஷனின் உயிர் பத்திரமாக இருந்திருக்கிறது.

"மேடம்," என்றார் சென்னியப்பன், கொட்டகையைப் பார்த்து. "அடுத்த திங்கட்கிழமையும் நான் வரட்டுங்களா? முதல்ல இருந்து."

"வாங்க," என்றார் ரெஜினா.

பகல் முழுக்க எல்லாரும் சேர்ந்து வேலி கட்டினார்கள். சென்னியப்பன் சட்டையைக் கழற்றிவிட்டுக் கல்தூண் சுமந்தார். வெயில் தாழ்ந்ததும் கொட்டகையில் வந்து உட்கார்ந்தார்கள்.

பாவாத்தாள் பஸ்ஸுக்குப் போக வேண்டும். முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டு நாச்சிமுத்துவைப் பார்த்தாள்.

"சொல்லுங் சாமி. வெள்ளிக்கிழமை ஆயிப்போச்சே. எவ்வளவு?"

துரைக்கண்ணு நிமிர்ந்து உட்கார்ந்தார். சென்னியப்பன் தலையைத் தூக்கினார். மூன்று பேர் கண்ணும் அவர்மேல் இருந்தது. சட்டைப் பைக்குள் இரண்டு தாள்கள் இருந்தன. நாச்சிமுத்து அதில் கை வைத்தார், எடுக்கவில்லை.

"டீச்சர், என்னால ஆகலீங்க," என்றார். "தாள் ரெண்டும் தப்பு. எங்க தப்புன்னும் தெரியல. நீங்களே ஒரு நியாயமான தொகையைச் சொல்லிருங்க. நான் எழுதிடறேன்."

ரெஜினா எழுந்தார். தூணில் சாய்ந்திருந்த பலகையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கி, தூரிகையைக் கையில் பிடித்துக்கொண்டார். துப்பாக்கிப் பெட்டியைப் பூட்டிய சாவியைப் பாவாத்தாளின் கையில் கொடுத்தார்.

"இதை நீங்க வச்சிருங்கம்மா. சார், வாங்க."

இருவரும் மேசைகளைத் தாண்டி நடந்தார்கள். குண்டுகள் மட்டுமே போக வேண்டிய அந்தப் பத்து மீட்டரை நாச்சிமுத்து நடந்து கடந்தார். இருபது அடி கூட இல்லாத மாதிரி இருந்தது.

"ஏறுங்க."

மண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. முட்டியில் கை ஊன்றி ஏறினார். மேலே குட்டியின் குளம்புச் சுவடுகள் சிதறிக் கிடந்தன. பக்கத்தில் இரண்டு பாதங்களின் சுவடு, பெருவிரல்கூடத் தெளிவாக, செம்மண்ணில் அப்படியே இருந்தது.

"அதுல நில்லுங்க சார். இப்பத் திரும்புங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நின்றார். திரும்பினார்.

எதிரே மூன்று மேசைகள். அவற்றின் பின்னால் எழுந்து நின்று இவரையே பார்க்கிற மூன்று பேர். கையில் ஒன்றும் இல்லை. அங்கிருந்து பார்க்கும்போது அவர்கள் ஏழையாகவும் தெரியவில்லை, பணக்காரராகவும் தெரியவில்லை. மூன்று ஜோடிக் கைகள்தான் தெரிந்தன. எண்ணூறு கோப்புகளில் அவர் கையெழுத்துக்கு எதிரே இப்படி ஓர் இடம் இருந்திருக்கிறது. ஒருநாளும் அவர் வந்து நின்றதில்லை.

காற்று வீசியது. ரெஜினா பலகையை அவர் முழங்காலில் சாய்த்து வைத்தார். தூரிகையை நீட்டினார்.

"இப்பச் சொல்லுங்க. எவ்வளவு?"

நாச்சிமுத்து தூரிகையைப் பிடித்தார். வெகுநேரம் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். எந்த எண்ணும் வரவில்லை. கடைசியில் வந்தது வேறொன்று. குரல் அவருக்கே கேட்காத அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

"டீச்சர்... இவங்களுக்கு அஞ்சு நாள் போதுங்களா?"

ரெஜினா அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்த ஐந்து நாளில் முதல்முறையாகச் சிரித்தார்.

"போர்டுல அந்தக் கேள்வியைத்தான் சார் முதல்ல எழுதணும். தொகை அதுக்கு அப்புறம்."